ஊசி குத்துமுன் ஒரு கேள்வி: ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்குத் திறந்த மடல்

தமிழ்நாட்டில் மருத்துவப் பரிசோதனைக் கூடங்களை நடத்துவோருக்கும், அவற்றின் அறிக்கைகளில் கையெழுத்திடும் மருத்துவர்களுக்கும்,

முடிக்காகச் சாப்பிட்ட ஒரு சத்து மாத்திரை ரத்தப் பரிசோதனை முடிவைத் திரித்துவிட்டதால், இல்லாத ஒரு தைராய்டு நோய்க்காக என் மகள் ஏழு வாரம் மருந்து சாப்பிட்டாள். அந்த மருந்து, வராமல் இருந்திருக்க வேண்டிய இன்னொரு நோயைக் கொண்டுவந்து சேர்த்தது. இதற்குக் காரணமான ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு நான்கு பக்கத்தில் விவரமாகக் கடிதம் எழுதினேன். மூன்று வரியில் பதில் வந்தது. கருவி அன்றைய தரக்கட்டுப்பாட்டில் தேறியிருக்கிறது. முடிவு அந்த மாதிரிக்குச் சரியானதே. நோயாளி தானாக வாங்கிச் சாப்பிடும் சத்து மாத்திரைகளுக்குக் கூடம் பொறுப்பாகாது.

அதோடு விட்டிருப்பேன். பத்து நாள் கழித்து, காலைச் செய்தித்தாளைப் பிரித்தபோது அதே கூடத்தின் துண்டறிக்கை மடியில் விழுந்தது. முடி கொட்டுகிறதா, தைராய்டு உட்பட எல்லாப் பரிசோதனைகளும் சலுகை விலையில் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். முடி கொட்டுகிறவர்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று இவர்களுக்கு இன்னும் தெரியவில்லை. அல்லது தெரிந்தும் கேட்கப்போவதில்லை. அந்தத் துண்டறிக்கைதான் இந்த மடலை எழுத வைத்தது.

கூடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எனக்குத் தெரிந்தவர்களிடம் விசாரித்தேன். வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு கூடங்களில் ரத்தம் கொடுத்தவர்கள் அவர்கள். என்ன சத்து மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்வி ஒருவரிடமும் கேட்கப்படவில்லை. ஒரு பெயரைச் சொன்னால் மற்றவர்கள் நிம்மதியாக மூச்சு விடுவார்கள்; அதற்கு நான் இடம் கொடுக்க விரும்பவில்லை.

நடந்தது இது. மகளுக்குக் குழந்தை பிறந்து நான்காவது மாதம். பிரசவத்துக்குப் பின் பலருக்கும் கொட்டுவதுபோல் அவளுக்கும் முடி கொட்டியது. சீப்பில் கொத்துக் கொத்தாக வருவதைப் பார்த்து மனம் கேளாமல், பக்கத்து மருந்துக்கடையில் பயோட்டின் மாத்திரை வாங்கிக் கொடுத்தது நான்தான். 10 மில்லிகிராம். கடைக்காரர் சீட்டு எதுவும் கேட்கவில்லை. நானும் வைட்டமின்தானே என்று வாங்கிவந்துவிட்டேன். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குப் போதும் என்று சொல்லப்படும் அளவு ஏறக்குறைய 30 மைக்ரோகிராம். ஒரு மாத்திரையில் அதைப்போல் 300 மடங்குக்கு மேல் இருக்கிறது என்று அன்று கணக்குப் போட்டுப் பார்க்காதது என் தவறு. வாழ்நாள் முழுக்க மோல் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் செய்த தவறு.

மூன்று வாரம் கழித்து, தைராய்டும் பார்த்துவிடலாமே என்று மருத்துவர் சொன்னார். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் தம்பி பத்து மணிக்கு வந்தான். மகள் எட்டரைக்கு இட்லி சாப்பிட்டு, பயோட்டினையும் போட்டிருந்தாள். அவன் கேட்டது மூன்று கேள்விகள்: பெயர், வயது, சாப்பிட்டாயிற்றா. தைராய்டுக்குச் சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை என்று அவனே பதிலும் சொல்லிக்கொண்டான். கையில் ரப்பர் பட்டையைக் கட்டினான், இரண்டு குழாய் எடுத்தான், ஒட்டுச்சீட்டு ஒட்டினான், போய்விட்டான். நல்ல பையன், வலிக்காமல் குத்தினான். அவன்மேல் எனக்குக் குறை இல்லை. அவன் கையில் இருந்த படிவத்தில் நான்காவது கேள்வி அச்சிடப்படவில்லை.

மாலையில் கைபேசிக்கு அறிக்கை வந்தது. தைராய்டை வேலை வாங்கும் ஹார்மோனான டி.எஸ்.எச். 0.06. தைராய்டு சுரக்கும் ஹார்மோனான எஃப்.டி.4 அளவு 2.4. ஒன்று பாதாளத்தில், மற்றொன்று உச்சியில்; தைராய்டு அளவுக்கு மீறிச் சுரப்பவர்களுக்கு வரும் எண்கள். மருத்துவர் நாடி பார்த்தார், 74 இருந்தது. கை நடுங்கவில்லை, எடை குறையவில்லை. அவருக்கும் சந்தேகம் வந்திருக்கிறது; அதனால்தான் தைராய்டைத் தூண்டும் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று இன்னொரு பரிசோதனை எழுதினார். அதுவும் அதே கூடம், அதே கருவி, அதே பத்து மணி. இருக்கிறது என்று வந்தது. மூன்று சாட்சிகள் ஒரே வார்த்தை சொன்ன பிறகு எந்த மருத்துவரும் நாடியை நம்பமாட்டார். தைராய்டைக் கட்டுப்படுத்தும் கார்பிமசோல் மருந்தைத் தொடங்கினார். நான்கு வாரம் கழித்து மறுபடி ரத்தம், மறுபடி காலைச் சிற்றுண்டிக்குப் பின்: டி.எஸ்.எச். 0.19, எஃப்.டி.4 இன்னமும் மேலேதான். மருந்து போதவில்லை என்று அளவைக் கூட்டினார். தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கும் ஒருமுறை தைராய்டு பார்த்துவிடலாம் என்றார்.

ஐந்து மாதக் குழந்தையிடம் ரத்தம் எடுப்பதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். நான் அன்றுதான் பார்த்தேன். முழங்கையில் நரம்பு கிடைக்காமல் புறங்கையில் தேடினார்கள். இரண்டாவது குத்தில்தான் வந்தது. குழந்தையின் அளவுகள் சரியாகவே இருந்தன. அந்தப் பஞ்சை ஒட்டிய பிளாஸ்டரைப் பிரித்தெடுத்தது என் கைதான்.

இதற்கிடையில் மகளுக்கு முகம் ஊதியது. பகலெல்லாம் தூக்கம், மலச்சிக்கல், சித்திரை வெயிலில் போர்வை கேட்டாள். தைராய்டு அதிகம் என்று மருந்து சாப்பிடுகிறவளுக்குத் தைராய்டு குறைந்தவளின் குறிகள் எல்லாம் இருந்தன. ஏழாவது வாரத்தில் ஒரு மாலை, சாப்பாட்டு மேசைமேல் அவளுடைய அறிக்கைகளைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பயோட்டின் அட்டை கிடந்தது. அறிக்கையின் ஓரத்தில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், முறை: இ.சி.எல்.ஐ.ஏ. என்றிருந்தது. மின்வேதி ஒளிர்வு. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. அந்த முறையில் ஒளிர்கிற பொருள் எனக்குப் பழைய சிநேகிதம்.

1986-இல் எம்.ஃபில். பட்டத்துக்காக நான் என் கையாலேயே செய்த சேர்மம் அது. ருத்தேனியம் என்ற உலோகத்தின் ஓர் அயனி, அதைப் பற்றிக்கொண்டு சுற்றிலும் மூன்று பைபிரிடின் மூலக்கூறுகள், காற்றாடி இறக்கைகள் போல. ருத்தேனியம் குளோரைடை அப்போதே பொன்னை நிறுப்பதுபோல் நிறுத்துத்தான் தருவார்கள். செம்மஞ்சள் படிகங்களைத் தண்ணீரில் கரைத்து, இருட்டறையில் நீல ஒளியில் வைத்தால் கரைசல் முழுவதும் கனன்ற அடுப்புபோல் சிவக்கும். 450 நானோமீட்டர் அருகே விழுங்கி, 620 அருகே உமிழும். ஒளிக்குப் பதிலாக மின்சாரத்தாலும் அதை ஒளிரவைக்கலாம் என்று 1972-இல் டெக்சாஸில் ஆலன் பார்டின் ஆய்வகம் காட்டியது. இன்று அறிக்கைகளில் இந்த ஐந்தெழுத்து முறை எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அந்தச் செவ்வொளிதான் எண்ணப்படுகிறது.

உங்களில் பலருக்கு இது தெரிந்ததுதான். மற்றவர்களும் படிக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். டி.எஸ்.எச். ஹார்மோனை இரண்டு எதிர்ப்பொருள்கள் இருபுறமும் பிடிக்கின்றன. ஒன்றில் ருத்தேனியம் ஒட்டப்பட்டிருக்கிறது, அது விளக்கு. மற்றொன்றில் பயோட்டின் ஒட்டப்பட்டிருக்கிறது, அது கொக்கி. பிறகு ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் பூசிய நுண்காந்த மணிகளைச் சேர்க்கிறார்கள். ஸ்ட்ரெப்டாவிடினுக்கும் பயோட்டினுக்கும் இருக்கும் பிடிப்பு சகப்பிணைப்பு அல்லாத பிணைப்புகளில் இயற்கையில் அறியப்பட்ட மிக வலியவற்றுள் ஒன்று. கொக்கி மணியில் மாட்டிக்கொள்ளும். மணியைக் காந்தம் மின்முனைமேல் இழுத்து வைக்கும். ஒட்டாதவை கழுவப்பட்டுப் போகும். மின்னழுத்தம் கொடுத்தால் விளக்கு எரியும். வெளிச்சம் அதிகமென்றால் ஹார்மோன் அதிகம்.

இப்போது ரத்தத்திலேயே பயோட்டின் நிரம்பியிருந்தால் என்ன ஆகும்? திருவிழா நேரத்து பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு எல்லாச் சீட்டையும் பிடித்துவிடுவார்களே, அதுதான். மணியில் இருக்கிற இடமெல்லாம் மாத்திரையிலிருந்து வந்த பயோட்டினுக்குப் போய்விடுகிறது. விளக்கு ஏந்திய உண்மையான பயணி படியில் நின்று, கழுவும்போது இறங்கிவிடுகிறான். வெளிச்சம் குறைகிறது. கருவி, டி.எஸ்.எச். குறைவு என்கிறது. எஃப்.டி.4 பரிசோதனையும் எதிர்ப்பொருள் பரிசோதனையும் நேர்மாறான அமைப்பு. அங்கே வெளிச்சம் குறைந்தால் பொருள் அதிகம் என்று கணக்கு. ஆகவே அவை இரண்டும் உயர்ந்து காட்டும். ஒன்று தாழ்ந்து இரண்டு உயர்ந்தால் அது அச்சு அசலாக, தைராய்டை மிகையாகச் சுரக்கவைக்கும் கிரேவ்ஸ் நோயின் படம். யாரோ வேண்டுமென்றே வரைந்ததுபோல் அவ்வளவு பொருத்தம்.

பயோட்டினை நிறுத்தி ஐந்து நாள் கழித்து, அதே கூடத்தில், அதே கருவியில், அதே பத்து மணிக்கு ரத்தம் கொடுத்தோம். டி.எஸ்.எச். 34, இருக்கவேண்டியதைவிடப் பல மடங்கு. மருந்தால் அழுத்தப்பட்ட தைராய்டைப் பார்த்து, மூளையடியில் டி.எஸ்.எச். சுரக்கும் பிட்யூட்டரி அவ்வளவு நாளாகக் கத்திக்கொண்டிருந்திருக்கிறது; உங்கள் கருவிக்குத்தான் கேட்கவில்லை. கார்பிமசோலை மருத்துவர் அன்றே நிறுத்தினார். இரண்டு மாதத்தில் எல்லாம் பழையபடி ஆயிற்று. தரக்கட்டுப்பாட்டில் தேறிய கருவி என்று எனக்கு எழுதினார்களே, அது உண்மைதான். கட்டுப்பாட்டு மாதிரி பயோட்டின் சாப்பிடுவதில்லை. அது தினமும் தேறும்.

இது ஏதோ கோடியில் ஒருவருக்கு நேரும் விபத்து என்று ஒதுக்கிவிடாதீர்கள். பரம்பரை வளர்சிதைக் கோளாறுக்காக அதிக அளவு பயோட்டின் கொடுக்கப்பட்ட ஆறு குழந்தைகளுக்கு கிரேவ்ஸ் நோய் இருப்பதுபோல் முடிவுகள் வந்ததை ஜெர்மன் மருத்துவர்கள் 2016-லேயே எழுதினார்கள். 2017-இல் அமெரிக்காவில் நலமாக இருந்த ஆறு பேருக்கு நாளுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஏழு நாள் கொடுத்து, வெவ்வேறு கருவிகளில் சோதித்துப் பார்த்து, இந்தப் பிழையைப் பதிவு செய்தார்கள். என் மகள் சாப்பிட்ட அதே அளவு. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பொது எச்சரிக்கை விடுத்தது. அதிக பயோட்டின் எடுத்த ஒருவருக்கு, மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் பொய்யாகக் குறைந்து காட்டியதையும், அவர் இறந்ததையும் அந்த எச்சரிக்கை சொன்னது. 2019-இல் மறுபடி நினைவூட்டியது. இந்த முறைக்கான வினைப்பொருள் பெட்டிக்குள் மடித்து வைக்கப்படும் தாளிலேயே, நாளுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் பயோட்டின் எடுப்பவருக்குக் கடைசி மாத்திரைக்குப் பின் 8 மணி நேரமாவது கழித்தே ரத்தம் எடுக்கவேண்டும் என்று போட்டிருந்தார்கள். அந்தத் தாள் உங்கள் கூடத்துக்குள்தான் வருகிறது. எங்கள் வீட்டுக்கு வருவதில்லை.

தைராய்டு தவறினால் சரிசெய்துகொள்ளலாம், நாங்கள் செய்துகொண்டோம். நெஞ்சுவலியோடு நள்ளிரவில் வருகிறவருக்கு ஐந்து நாள் நிறுத்திப் பார்க்க நேரம் கிடையாது.

எனக்கு இந்தச் சேர்மங்கள்மேல் கோபம் இல்லை, உண்மையில் பெருமைதான். அதே குடும்பம் இப்போது குழாயை விட்டு உடலுக்குள் போகிறது. டி.என்.ஏ. பக்கத்தில் இருந்தால் மட்டும் ஒளிரும் ருத்தேனியச் சேர்மத்தை 1990-இல் ஜாக்குலின் பார்ட்டன் குழுவினர் காட்டினார்கள். அதைப் படித்த அன்று நான் வகுப்புக்குத் தாமதமாகப் போனேன். கனடாவில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு ருத்தேனியச் சேர்மம் ஒன்றை உள்ளே செலுத்தி, பச்சை ஒளி பாய்ச்சி, அங்கேயே ஆக்சிஜனை வீரியமாக்கிப் புற்றணுக்களைக் கொல்லும் சிகிச்சை மனிதர்களிடம் சோதனையில் இருக்கிறது. பல்லேடியம் கொண்ட இன்னொரு மருந்துக்கு, தொடக்கநிலை புராஸ்டேட் புற்றுநோய்க்காக, ஐரோப்பா 2017-இல் அனுமதி கொடுத்தது. அதைப் பெறுகிறவரிடம் என்னென்ன சொல்லித்தான் அனுப்புகிறார்கள்! 48 மணி நேரம் வெளிச்சத்தைத் தவிர்க்கவேண்டும், கறுப்புக் கண்ணாடி போடவேண்டும், எந்த விளக்கில் உட்காரலாம், எதில் கூடாது என்று ஒவ்வொன்றாக. அங்கே ஒளியைப் பற்றி நோயாளிக்கு ஒரு முழுப் பாடமே நடக்கிறது. இங்கேயும் ஒளியை நம்பித்தான் வைத்தியம் நடக்கிறது, ஒரு வரி சொல்ல ஆளில்லை.

உங்கள் பக்கத்து நியாயங்களையும் கேட்டிருக்கிறேன். ஒரு கூடத்தின் மேலாளர், சாப்பிடும் மாத்திரைகளைப் பற்றிக் கேட்பது மருத்துவரின் வேலை என்றார். மருத்துவரைக் கேட்டால், எந்தக் கூடத்தில் எந்தக் கருவி என்று தனக்கு எப்படித் தெரியும் என்கிறார். இருவரும் சொல்வது உண்மை. நடுவில் விழுந்தது என் மகள். கேட்டால் நோயாளிகள் பயந்துவிடுவார்கள் என்று இன்னொருவர் சொன்னார். சர்க்கரைக்குப் பத்து மணி நேரம் பட்டினி கிடந்து வருகிற மக்கள் இவர்கள். காரணம் சொன்னால் புரிந்துகொள்வார்கள். புதிய தலைமுறை வினைப்பொருள்கள் வந்துவிட்டன, பழைய சிக்கல் இல்லை என்றும் சொல்கிறார்கள். பயோட்டினை வெகுவாகத் தாங்கும் கரைசல்கள் வந்திருப்பது உண்மை. நீங்கள் அதைத்தான் வாங்குகிறீர்களா? எல்லாப் பரிசோதனைக்குமா? என் மகளின் ரத்தம் எதில் பார்க்கப்பட்டது என்ற கேள்விக்கு அந்த மூன்று வரிப் பதிலில் ஒரு சொல்கூட இல்லை.

முடிவைப் பாதிக்கக்கூடிய காரணிகளைப் பயனாளிக்குத் தெரியப்படுத்தவேண்டும் என்பது மருத்துவப் பரிசோதனைக் கூடங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15189 தரநிலையிலேயே இருக்கிறது. அந்தத் தரச்சான்றின் முத்திரையை அறிக்கையின் தலையில் அச்சிட்டுக்கொள்கிற கூடங்களிடம்தான் முதலில் பேசுகிறேன்.

நான் கேட்பது இவை. ரத்தம் எடுக்கும் படிவத்தில் நான்காவது கேள்வியாக, கடந்த சில நாட்களில் முடி, நகம், தோலுக்கான சத்து மாத்திரை ஏதாவது சாப்பிட்டீர்களா என்று தமிழில் அச்சிடுங்கள். பயோட்டின் என்று மட்டும் கேட்டால் போதாது. பல மாத்திரைகளின் முன்பக்கத்தில் அந்தப் பெயரே இருக்காது. ஆம் என்று சொன்னால், அமெரிக்கத் தைராய்டு சங்கம் சொல்வதுபோல் குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டு வரச்சொல்லுங்கள். அன்றைய வசூல் ஒன்று தள்ளிப்போகும், அவ்வளவுதான். அவசரத்தில் எடுக்கும் ட்ரோபோனினுக்குக் காத்திருக்க முடியாது. அங்கே பதிலை அறிக்கையிலேயே குறித்து, மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள்.

அறிக்கையில் முறையின் பெயரை ஐந்து எழுத்தில் ஒளிக்காமல், இந்தப் பரிசோதனை பயோட்டினால் பாதிக்கப்படுமா, எந்த அளவுக்கு மேல் பாதிக்கப்படும் என்பதை முடிவுக்குக் கீழேயே, முடிவின் எழுத்தளவிலேயே போடுங்கள். உடல்நிலைக்கும் எண்ணுக்கும் பொருந்தவில்லை என்று மருத்துவர் சொன்னால், கட்டணமின்றி, சில நாள் இடைவெளிக்குப் பின்னோ இந்தப் பயோட்டின் கொக்கி இல்லாத வேறொரு முறையிலோ மறுபரிசோதனை செய்து கொடுங்கள். இப்படி நடந்த தவறுகளை இந்திய மருத்துவச் சாதனக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவியுங்கள். 2015 முதல் அது இருக்கிறது. என் மகளின் விவரத்தை நானே அனுப்பப்போகிறேன். நீங்கள் அனுப்பியிருக்கவேண்டியது.

முடி உதிர்வுச் சலுகைத் தொகுப்பை விற்கிறவர்கள், இந்தக் கேள்வியைப் படிவத்தில் சேர்க்கும்வரை அதை நிறுத்தி வையுங்கள். ஏற்கனவே அந்தத் தொகுப்பில் தைராய்டு முடிவு தாறுமாறாக வந்தவர்களின் பட்டியல் உங்கள் கணினியில் இருக்கிறது, கைபேசி எண்களோடு. தள்ளுபடிச் செய்தி அனுப்புகிற அதே எண்கள். அவர்களை இந்த வாரம் அழைத்து, என்ன மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்று கேளுங்கள்.

மகளின் அறிக்கைகளும், மாத்திரை அட்டையும், உங்களில் ஒருவருடைய பதிலும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. எந்தக் கூடத்திலிருந்து யார் கேட்டாலும் நகல் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியை,
மதுரை